நாலு சுற்று இப்படி, நாலு சுற்று அப்படி

டார்ச் பேட்டரி சூடேறினால் ஒரு வாசனை வரும்... இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் நான் விரலை ஊதிக்கொள்வேன்.

பத்து வயதில், ராயபுரத்தில் ஒரு சர்ச் ஹாலில் சம்மர் கேம்ப். ஆணியில் கம்பியைச் சுற்றி பேட்டரியில் சேர்த்தால் ஆணி காந்தமாகும் என்றார் சிஸ்டர். பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்றார். அங்கேதான் வினை.

என் அம்மா மீன்காரி. லீவில் கூடைக்கு ஆள் இல்லை என்ற கோபம் வேறு.

"அந்த ஆணி குண்டூசியத் தூக்கலன்னா, நாளைலேர்ந்து நீ என் கூட கூடை தூக்கு."

கேம்ப் நாளில் அம்மா மீன் கூடையோடே வந்து நின்றது.

பேட்டரியில் கம்பியை வைத்தேன். விரல் சுட்டது. குண்டூசி அசையவில்லை. சுடுவதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தேன் பாருங்கள்... அதற்கே ஒரு மெடல் கொடுக்கலாம்.

"ஐஸு கரையுது லூர்து! தூக்குதா, இல்லியா?"

"தோ... தூக்கும்மா!"

பக்கத்தில் ரோஸியின் ஆணியில் குண்டூசி கொத்தாகத் தொங்கியது. என்னுடையதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடி, கம்பி சுத்துனியா, சடை பின்னிக்கினு இருந்தியா?"

அப்போதுதான் பார்த்தேன். அவள் கம்பி முழுக்க ஒரே பக்கமாக ஓடியது. நான்? தூண்டில் நரம்பைக் கட்டையில் சுற்றுகிற பழக்கம். முறுக்கு விழாமல் இருக்க நாலு சுற்று இப்படி, நாலு சுற்று அப்படி. இந்தப் பக்கச் சுற்றின் காந்தத்தை அந்தப் பக்கச் சுற்று அழித்துவிட்டது.

கம்பியைப் பிரித்தேன். ஒரே பக்கமாகச் சுற்றினேன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அம்மாவின் காலடியில் குட்டை கட்டியது.

"ஐஸு கரையுதுடி..."

மூன்று குண்டூசி. தூக்கியது!

"இத்தினியூண்டு குண்டூசிக்கா என் ஐஸு பூரா கரைஞ்சிச்சி?" என்று அம்மா கிளம்பிவிட்டது. ஆனால் மறுநாள் காலை கூடைக்கு என்னை எழுப்பவில்லை.

எட்டாவதோடு நானும் கூடைக்கு வந்துவிட்டேன், அது வேறு கதை.

போன வாரம் டோல்கேட் பக்கம் என் மகளுக்கு அதே மாதிரி கேம்ப். இப்போது எல்லாமே பெட்டியில் வருகிறது. கம்பிகூட கலர் கலராக... ஆனாலும் அவள் ஆணி தூக்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் கூடையைப் பார்த்தாள்.

"அம்மா, ஐஸு கரையுதே..."

"கரைஞ்சா கரைஞ்சிட்டுப் போவுது. நீ பிரிச்சி சுத்து."

கூடைத் தண்ணீர் சொட்டி என் செருப்பு நனைந்துகொண்டிருந்தது. அன்று அம்மாவும் ஓரடி நகரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.