எஸ்தர் அக்காவின் முழங்காலும் கழலாத பனிக்கட்டையும்

உருகிய மெழுகின் வாசனை... மதுரை கே.கே. நகரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபி கிளினிக்கை நினைத்தால் அதுதான் முதலில் வரும். விரல் மடக்க முடியாதவர்கள் கையை முக்கி எடுப்பதற்காக ஒரு தொட்டியில் எந்நேரமும் மெழுகு சூடாக இருக்கும். அதன் பக்கத்தில் என் நாற்காலி.

அங்கே வரும் முழங்கால்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்கூட்டரில் சறுக்கியது, பாத்ரூமில் வழுக்கியது, ஜல்லிக்கட்டு முடிந்த வாரமென்றால் மாடு தள்ளியது.

எஸ்தர் அக்கா மட்டும், "பனியில விழுந்துட்டேன் தம்பி" என்றார்.

மதுரை வெயிலில் அதைக் கேட்டதும் நான் ஊட்டிப் பனி என்றுதான் நினைத்தேன். அவர் நார்வேயில் வேலை பார்த்தவர். விழுந்ததில் முழங்காலுக்குள் இருக்கும் லிகமென்ட் அறுந்து, அங்கேயே ஆபரேஷன் முடிந்து, தனியாக இருந்து சமாளிக்க முடியாமல் லீவு போட்டு வீட்டுக்கு வந்திருந்தார். தினமும் அவரைக் கூட்டி வருவது அவருடைய அப்பா. மிஷன் ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டே நான் கேள்வி கேட்பேன். பனியையே பார்க்காத எனக்கு எல்லாமே புதுசு.

பனிமலையில் சறுக்கி இறங்குவதற்காகக் காலில் மாட்டும் நீளக் கட்டைகளில், அவர் போட்டிருந்தது டெலிமார்க் என்ற வகையாம். ஷூவின் முன்பக்கம் மட்டும் கட்டையோடு பூட்டியிருக்கும். குதிகால் சும்மா தூக்கிக்கொண்டிருக்கும். வளைவு வந்தால் ஒரு முழங்காலைத் தரைவரை மடக்கித் திரும்ப வேண்டும்.

"ஜெபத்துக்கு முட்டி போடச் சொன்னா கால் வலிக்குதும்பா. அங்க போயி பனியில முட்டி போட்டுருக்கா" என்றார் அப்பா. சிரிக்காமல்தான் சொன்னார். இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் தினமும் அவர் சண்டை பிடிக்கிறார் என்பதை அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. குதிகால்தான் சும்மா இருக்கிறதே... பிறகு முழங்கால் எப்படிப் போனது?

"நானும் அப்படித்தான் நெனச்சேன். விழுந்தாலும் கால் தப்பிச்சுக்கிரும்னு. மத்தவங்க போடுறது, விழுந்தா பூட்டு தானா விட்டுரும். என்னோடது விடாது. பழைய மாடல்."

சொன்னால் புரியாது போலிருந்தது. கிளினிக்கில் தடுப்பு வைத்தபோது மிச்சமான நீளப் பலகை ஒன்று பின்பக்கம் கிடந்தது. கூட்டமில்லாத ஒரு மதியம் அதை எடுத்து வந்து, ஷூவின் முன்பக்கத்தை மட்டும் கிரேப் பேண்டேஜால் அதில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மெத்தையில் நின்றேன். எஸ்தர் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முன்பக்கமாக மண்டியிட்டு விழுந்து பார்த்தேன். குதிகால் தூக்கிக்கொண்டது. வலியே இல்லை.

"நான் அப்படி விழல தம்பி. கட்டையோட நுனி பனிக்குள்ள சொருகிருச்சு. ஒடம்பு மட்டும் சுத்திருச்சு."

அப்பா எழுந்து வந்தார். பலகையின் நுனியை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்ப மெதுவாத் திரும்புங்க தம்பி."

திரும்பினேன். இடுப்பு திரும்பியது, தொடை திரும்பியது. பாதம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குள் வந்து உட்கார்ந்தது. மெதுவாகத் திரும்பியதற்கே உயிர் போனது.

"சார்... விட்ருங்க, விட்ருங்க."

அவர் கையை எடுத்ததும் பலகை பாதத்தோடு சேர்ந்து சுழன்றது. வலி நின்றுவிட்டது.

அக்காவின் சிரிப்பும் நின்றிருந்தது. அப்பா பலகையைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"விட்டதும் வலி போயிருச்சா?"

"போயிருச்சு சார்."

மகளைப் பார்த்தார். "இதே கட்டையில, விழுந்தா விடுற மாதிரி பூட்டு கெடையாதாம்மா?"

"இருக்குப்பா. இப்ப வருது. வெயிட்டு கொஞ்சம் கூட. கூட வர்றவங்க, குதிகாலே சும்மா இருக்கு, அது எதுக்குன்னு கேப்பாங்க. அதான் வாங்கல. அதுவும் எல்லா நேரமும் விடும்னு சொல்ல முடியாதுப்பா."

"எல்லா நேரமும் வேணாம். விடுற நேரத்துல விட்டாப் போதும்."

அப்பா தரையில் கையை ஊன்றி எழுந்தார். பிறகு அவரே சொன்னார்: "போறதுன்னா போ. அந்தப் பூட்டை மாத்திட்டுப் போ."

அவர் வாயிலிருந்து 'போ' என்று வரும் என அக்கா எதிர்பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முழங்கால் முழுசாக மடங்கிய பிறகுதான் அவரை அனுப்பினோம். அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் அப்பா மட்டும் கிளினிக்குக்கு வந்து போனை நீட்டினார். வீடியோவில் அக்கா சறுக்கி வருகிறார், தடுமாறுகிறார், உருண்டு விழுகிறார். ஒரு கட்டை கழன்று தனியாகக் கீழே ஓடுகிறது. அக்கா எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, அதன் பின்னால் நொண்டாமல் நடக்கிறார்.

"பாத்தீங்களா தம்பி, விட்ருச்சு" என்றார். அங்கே காத்திருந்த எல்லோருக்கும் அதைக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது எனக்கென்று சொந்த கிளினிக் இருக்கிறது. மெஷின்கள் வந்துவிட்டன. எப்படி விழுந்தார்கள் என்பதை ரிசப்ஷனிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள்... 'கீழே விழுந்தது'. அவ்வளவுதான். நான் மெஷினை மாட்டிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவேன். ஒருவர் விழுந்த விதத்தை அறிந்துகொள்ள மதியம் முழுவதையும் செலவழித்த அந்த ஆளை எனக்கே இப்போது அடையாளம் தெரியவில்லை.

போன வாரம் அலங்காநல்லூரிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். டிராக்டரிலிருந்து இறங்கும்போது கால் சிக்கி விழுந்தவர். நான் மெஷினை எடுக்கப் போனேன். "அது எப்படி ஆச்சுன்னா தம்பி..." என்று அவராகவே இரண்டு கையையும் விரித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

வெளியே நல்ல கூட்டம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கண்ணே. எந்தக் கால் மொதல்ல கீழ வந்துச்சு?"