மலைக்குப் போன இரவல் கார்

சென்ற ஆண்டு தசரா விடுமுறை முடிந்த வாரம். மைசூரு விஜயநகரில் ஒரு வீட்டுக்குப் பழைய மின்சாரக் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். நான்கு ஆண்டுகள் ஓடிய கார்; எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார்.

கார் தேவைப்பட்டது அம்மாவுக்காக. அவருடைய இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. பிறந்த ஊரான ஹனூருக்கு மாதம் ஒருமுறையாவது போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கொள்ளேகாலில் பஸ் மாறும்போது அந்த உயரமான படியில் நானும் கணவரும் ஏறக்குறையத் தூக்கித்தான் அவரை ஏற்றுவோம். நான் சமூகப்பணி படித்தவள். எதை வாங்கினாலும் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய்க் குப்பையாகும் என்று யோசிக்கும் பழக்கம் உண்டு. புகை விடாத வண்டி, அதுவும் ஒருவர் பயன்படுத்திய வண்டி என்பதால் மனத்துக்கு ஒப்பியது. கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துப் போனேன்.

விற்பவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார். மூன்று தலைமுறையாக மைசூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தாளை வாங்கிப் படித்தவர் சிரித்தார்.

"ஏம்மா, காரு வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா? இத்தனைக்கும் நான் வாயால பதில் சொல்றதைவிட, ரெண்டு நாள் வண்டியை எடுத்துட்டுப் போங்க. உங்க ஊருக்கு ஓட்டிப் பாருங்க. பிடிச்சா பேசலாம்."

முன்பின் தெரியாத எங்களிடம் சாவியை நீட்டினார். இரண்டே நிபந்தனைகள். "அஞ்சு பேருக்கு மேல பேடா, வேண்டாம். மலை கிலை ஏத்த வேண்டாம். ஹனூரோட திரும்பிடணும், ஆய்தா, சரியா?"

ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தேன். கணவர், ஏழு வயது மகள், அம்மா, நான் என்று நால்வரும் கிளம்பினோம். வண்டியை நான் ஓட்டினேன். ஹனூர் சேர்ந்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருந்தது. மாமா வீட்டுப் பெரிய பிளக்கில் மாட்டிவைத்தோம். விடியும்போது நூறு காட்டியது.

சிக்கல் காலைக் காப்பியோடு வந்தது.

"ஏம்புள்ள, எத்தன மணிக்குக் கெளம்பறது மலைக்கு?" என்றார் மாமா.

எங்கள் உறவில் எந்த வண்டி வாங்கினாலும் அது முதலில் மாதேஸ்வரன் மலைக்குப் போய்ப் பூசை போட்டுக்கொள்ள வேண்டும். டிராக்டர் என்றாலும் விலக்குக் கிடையாது.

"இன்னும் வாங்கலைங்க மாமா. அந்தம்மா வண்டி இது. மலை ஏத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"வாங்கறக்கு முன்னாலயே சாமிகிட்டக் காட்டிட்டா, வாங்கறது நிச்சயமாயிருமில்ல!"

அதற்குள் அத்தையும் அவர் மகளும் சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. "வேண்டாங்கண்ணு. நான் இன்னொரு நா பஸ்லயே போய்க்கறேன்" என்றார். கால் வலி வந்த பிறகு இரண்டு வருடமாக அவர் அந்த மலையைப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லில் நான் உடைந்தேன். ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் ஏறினோம்.

மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பேட்டரி சூடேறிவிட்டது என்ற எச்சரிக்கை. எவ்வளவு அழுத்தியும் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் போக மறுத்தது. ஓரமாக நிறுத்தினேன். அடுத்தவர் உடைமையைப் பாழாக்கிவிட்டேன் என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

"இதும் எருமையாட்டந்தான் புள்ள. செத்த நேரம் நெழல்ல நிறுத்துனாச் சரியாப் போயிரும்" என்றார் மாமா.

அரை மணி நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தோம். எங்களுடையதாகாத வண்டிக்குக் குங்குமமும் மாலையும் சூட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினார்கள். அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். வலியின் சுவடே இல்லாத அந்த முகத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

இறங்கும்போது சார்ஜ் குறையாமல் இரண்டு சதவீதம் கூடியது. "பாத்தியா, மாதப்பன் குடுக்கறான்!" என்று மலைச்சாமியைக் கும்பிட்டார் மாமா. இறக்கத்தில் சக்கரம் சுற்றும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்குகிறது என்று நான் விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான புள்ள நானுஞ் சொன்னேன்" என்றார்.

மாமா குடும்பத்தை ஹனூரில் இறக்கிவிட்டு, போதுமான அளவு சார்ஜ் ஏற்றிக்கொண்டு மைசூருக்குத் திரும்பினோம். கொள்ளேகாலில் கணவர் வண்டியைக் கழுவச் சொன்னார். குங்குமம் போய்விட்டது.

"இப்ப லைட்டும் எரியல, பொட்டும் இல்ல. எதுக்குச் சொல்லணும்? சொன்னா வண்டி போச்சு. அப்புறம் உங்கம்மாவை யாரு பஸ்ஸுல தூக்கி ஏத்தறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பேட்டரிக்கு என்னால் கேடு வந்திருந்து நாங்கள் வாங்காமல் போனால், அடுத்து வாங்கும் குடும்பம் அறியாமல் அதைச் சுமக்கும். வாங்கினாலோ, பொய்யின் மேல் ஏறித்தான் அம்மா ஒவ்வொரு மாதமும் ஊருக்குப் போவார்.

விஜயநகர் வீட்டில் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தேன். மலை, ஏழு பேர், மஞ்சள் விளக்கு, கழுவிய குங்குமம் என்று ஒன்றையும் விடவில்லை. அம்மையாரின் கணவரும் செய்தித்தாளோடு அங்கேயே இருந்தார்.

"தெரியும்மா" என்றார் அம்மையார். தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். காரோடு இணைத்த செயலியில் நாங்கள் போன பாதை முழுவதும் வரைபடமாக இருந்தது; எச்சரிக்கைச் செய்தியும் இருந்தது. "லைட் எரிஞ்ச உடனே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு. இவர் ஃபோன் பண்ணு, ஃபோன் பண்ணுன்னு குதிச்சார். வளைவுல ஓட்டிட்டிருக்கற பொண்ணைக் கூப்பிட்டுத் திட்டவா சொல்றீங்கன்னேன்."

"நான் குதிக்கல்ல. கேட்டேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார் அவர் கணவர்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அம்மையார் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. நீங்க இவ்வளவு சொன்னப்புறம் நான் வாயை மூடிட்டிருக்கறது சரியில்ல. போன வருஷம் சாமுண்டி மலைக்கு இவரோட அக்கா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போனப்ப இதே லைட் வந்தது. தானா அணைஞ்சது, விட்டுட்டோம். எச்சரிக்கை விளக்கு எப்பவாவது எரிஞ்சதான்னு உங்க தாள்ல கேட்டிருந்தீங்க. பதில் சொன்னா பொய் சொல்லணும். அதனாலதான் சாவியைக் குடுத்து அனுப்பினேன். மலை வேண்டாம்னு சொன்னதும் அதுக்குத்தான்."

அவர் கணவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கும் அம்மையாருக்கும் கண் கலங்கியது. பிறகு ஏனோ சிரிப்பும் வந்தது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோனோம். பேட்டரியைக் குளிர்விக்கும் நீர் ஓரிடத்தில் கசிந்து குறைந்திருந்தது. பேட்டரிக்குக் கேடில்லை. கசிவை அடைத்துக் கொடுத்தார்கள். அந்த வாரமே கார் எங்களுடையதாயிற்று. சாவி கைமாறிய அன்று அவர் செயலியிலிருந்து தம் பெயரை நீக்கினார். "இனிமே நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாது. போயிட்டு வாங்க" என்றார்.

இப்போது அம்மா முன்சீட்டில் அமர்ந்து மாதந்தோறும் ஊருக்குப் போய்வருகிறார். கூர்மையாகக் கேட்டால் உண்மை வந்துவிடும் என்று நம்பியிருந்தவள் நான். இன்று எவரிடமும் கேள்வி கேட்க வாயெடுக்கும் முன், நான் சொல்ல வேண்டியது ஏதேனும் சொல்லாமல் இருக்கிறதா என்று முதலில் என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.