வெறுங்கூடை ஏலம்

வேதமாணிக்கம் ஏலம் விளித்தால் வாழைக்குலைகூட நிமிர்ந்து உட்காரும் என்று வெள்ளறடைப் பக்கத்தில் கேலி பேசுவார்கள். மற்ற நாளெல்லாம் ரப்பர் வெட்டப் போகிற மனிதர்தான். அறுப்பின் பண்டிகையன்று வெள்ளை வேட்டி கட்டிச் சபை முற்றத்தில் ஸ்டூல்மேல் ஏறிவிட்டால், அடேயப்பா, போதகரே அன்றைக்கு இரண்டாம் ஆள். காணிக்கையாக வந்த சேனை, தேங்காய் எல்லாம் போனபிறகு கோழிகள் வரும். கூட்டமே அதற்குத்தான். வேண்டுதலுக்காகக் கொடுத்த நேர்ச்சைக் கோழியை ஏலத்தில் எடுத்து வளர்த்தால் கூடு நிறையும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. சபைக்கு வராத இந்துக் குடும்பங்களும் அதற்காக மதிலோரம் வந்து நிற்கும்.

அந்த நம்பிக்கைதான் தொண்ணூற்றாறில் ஊரைக் கெடுத்தது. தூங்கி வழிந்த ஒரு செவலைச் சேவலை வேதமாணிக்கம் தலைக்குமேல் தூக்கி, "பாருங்க, நல்ல சாதுவாக்கும்! கொத்தாது, பறக்காது!" என்று விளித்தார். கூட்டம் சிரித்தது. அவருடைய பக்கத்து வீட்டு சத்யபாமா போட்டி போட்டு அதை எடுத்துப் போனாள். அதனோடு முற்றத்தில் கட்டிக் கிடந்த கோழிகள் மற்ற வீடுகளுக்குப் போயின. சில நாளில் ஊர்க் கோழிகளெல்லாம் பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிச் செத்து விழுந்தன. கோழி வசந்தை என்கிற தொற்றுச் சீக்கு; செவலையின் தூக்கமும் அதுதான். முட்டை விற்றுப் பிழைத்த சத்யபாமாவின் கூட்டில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. அவள் சண்டைக்கு வரவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். அது வேதமாணிக்கத்துக்குத் தொண்டையில் முள்ளாகவே கிடந்தது.

மறுவருஷம் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கையில் கள்ளிக்காடு என்ற ஊரில் வசந்தை என்று பேச்சு வந்தது. மகளிர் சங்கத்து சுகிர்தபாய், மிருக ஆஸ்பத்திரியில் ஊசி போடப் பழகியவள், நேராக அவர் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, இந்த வருஷம் ஏலத்துக்கு ஒத்தக் கோழி வரப்பிடாது."

"நீ என்ன பிள்ளா பறயிய? நேர்ச்சையாக்கும். கர்த்தருக்க காரியத்த நான் வேண்டாம்னு சொல்லவா?"

"நீங்க சொன்னாத்தான் எல்லாரும் கேப்பினும். ஊசி போடியதுக்கும் எல்லாக் கூடும் ஒரே நாளு அடச்சுக் கிடக்கணும். மருந்து கலக்கினா கொஞ்ச நேரமே நிக்கும், பெறகு கெட்டுப்போவும். தொறந்து விட்ட கோழிய நான் ரப்பர் தோட்டத்தில தொரத்தவா?"

கோழியில்லாத ஏலமென்றால் அவருக்கு வருஷத்தில் ஒருநாள் கிடைக்கிற ராஜாங்கமும் போச்சு. ஆனால் சத்யபாமாவின் காலிக்கூடு கண்ணில் வந்து நின்றது. வீடு வீடாக நடந்தார். நேர்ந்த கோழியைக் கொடுக்காமல் இருப்பதா என்று உபதேசியார் யோசுவா முறைத்தார்.

"நேர்ச்சை தெத்தினா தெய்வம் விடுமா வேதமாணிக்கம்?"

"கோழி கூட்டில நிக்கட்டு! கூடைய மட்டும் கொண்டு வாரும். அத நான் விளிச்சுத் தாறேன். சீக்கு போனபெறகு எடுத்தவிய வந்து கோழியக் கொண்டு போகட்டு."

வாய்தவறி வந்த பேச்சுதான். சொன்னபிறகு அவருக்கே திக்கென்றது.

ஊசி போடுகிற நாள் விடிந்தது. ஐஸ் போட்ட பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு சுகிர்தபாயின் பின்னால் போனவர் வழியிலேயே நின்றுவிட்டார். பாதையில் ஒரு கோழி இல்லை. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் ஒரு கிளறல் இல்லை. அடைத்த கூடுகளுக்குள்ளிருந்து சேவல்கள் கூவின. இந்த மேட்டில் கூவினால் அந்த மேட்டில் பதில். சிலுவை மாட்டிய வீடும் விளக்கு வைத்த வீடும் கோழியைக் கையில் பிடித்தபடி வாசலில் காத்திருந்தன. யார் அதட்டினார்கள் இவர்களை? யாருமில்லை! வேதமாணிக்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கர்த்தாவே, இது எனக்க ஊருதானா என்று வாய்விட்டே சொன்னார். சத்யபாமாவும் புதிதாக வாங்கிய இரண்டு பெட்டைகளை நீட்டினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பண்டிகைக்குள் பக்கத்து வார்டில் வசந்தை இறங்கிவிட்டது. இங்கே ஒரு கோழிகூடத் தலை தொங்கவில்லை. ஆனால் சபை முற்றத்தில் கூடைகள் காலியாக வரிசையில் இருந்தன. நெஞ்சை அமுக்கி, இறகை ஊதிப் பார்க்காமல் கோழி வாங்காத ஜனம் இது. வேதமாணிக்கம் முதல் கூடையைத் தூக்கினார்.

"யோசுவாவுக்க வீட்டுக் கறுப்புப் பெட்டை! கேக்கியவிய கேக்கலாம்!"

முன்னால் நின்றவர்கள் எட்டிக் காலிக்கூடைக்குள் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். இன்னொரு தரம் விளித்தார்.

"நான் கேக்கேன்."

மதிலோரத்திலிருந்து சத்யபாமா. முற்றமே திரும்பிப் பார்த்தது. வேதமாணிக்கம் கூடையைக் கீழே இறக்கினார்.

"கோழிய நீ காணல்லியே மக்கா?"

"கண்டு எடுத்ததுதான் எனக்க கூட்டக் காலியாக்கிச்சு. இது அடச்ச கூட்டில சுகமாட்டு நிக்கிய கோழியாக்கும். விளியுங்கண்ணா!"