மாற்றிச் சொல்கிற பதில்

"இயேசுவுக்கே புகழ், அக்கா!" என்று வருகிறார் உபதேசியார் இஷெங்கோமா. "அல்லேலூயா, பாஸ்டரே!" என்று பதில் சொல்லிவிட்டு, சந்தையில் மீன் பொரித்து விற்கும் கெமிலெம்பே எண்ணெயில் கிடக்கும் மீனைப் புரட்டிப்போடுகிறாள். கத்தோலிக்க உபதேசியாருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அவர் தலை மறைந்ததும் பெந்தெகொஸ்தே பாஸ்டர் முட்டலெம்வா "அல்லேலூயா" என்று வருவார். அவருக்கு "மரியே வாழ்க" கிடைக்கும். லூத்தரன் மூப்பர் ருவெகசீராவுக்கு அன்றைக்கு வாயில் எது வருகிறதோ அது.

வயசாகிவிட்டது, மறதி என்கிறது சந்தை. மறதியாவது மண்ணாவது! ஏரிக்கரையிலிருக்கும் இந்தப் புகோபா பக்கம் பூமி குலுங்கிய வருஷம் மூன்று கோயில்களும் ஒரே மத்தியானத்தில் விழுந்தன. வீடுகள் கேட்கவே வேண்டாம். யார் எந்தச் சபை என்று விசாரிக்க அப்போது எவருக்கும் தெம்பில்லை. உபதேசியாரின் ஆட்கள் அஸ்திவாரம் தோண்ட, மூப்பரின் ஆட்கள் சுவர் எழுப்ப, பாஸ்டரின் ஆட்கள் தகரம் வேய்ந்தார்கள். எல்லாருக்கும் வாழைக்காய் அவித்துப் போட்டவள் இவள். வணக்கங்களெல்லாம் வாய்க்கு வாய் மாறிப்போய், பாஸ்டரே ஒருநாள் "மரியே வாழ்க" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இவள் வீட்டுச் சுவர் எழும்பியபோது, கத்தோலிக்கர் குடிக்க வைத்திருந்த வாழைப்பழக் கள்ளைத் தண்ணீர் என்று நினைத்துச் சாந்தில் ஊற்றிக் குழைத்தவரும் அந்தப் பாஸ்டர்தான். "சொவருக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு, இனி இது எங்க சபை!" என்றார் உபதேசியார். பாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்படிச் சிரிச்ச மனுசங்க! இப்ப மீன் வாங்கக்கூட ஒருத்தர் போன பொறவுதான் ஒருத்தர் வர்றாங்க." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கையில் கரண்டி நின்றுவிடும். வீடுகள் முடிந்து, கோயில்களும் ஒன்றுக்கொன்று போட்டியாக உயர்ந்த பிறகு, ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. அந்த நாட்களுக்காக அவள் ஏங்குகிறாள். பூகம்பத்துக்கு ஏங்குகிற பைத்தியம் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இந்த வருஷம் மழைக்கு முந்திய காற்று, அவள் கூரையின் பாதித் தகரத்தைக் கிளப்பிவிட்டது. உபதேசியாரிடம் போனாள். "எங்க வேலை அஸ்திவாரம் அக்கா. அது அசையலையே?" மூப்பர், பாஸ்டரைக் கை காட்டினார். பாஸ்டர் தயங்காமல், "போட்டுத் தரோம். ஞாயித்துக்கிழமை நீங்க எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வரவில்லை. சொன்னால் கூரை உண்டு. மற்ற இரண்டு பேர் அவளுக்கு இல்லை. மழையோ ஏரிக்கு அந்தப் பக்கம் கறுத்து நிற்கிறது.

மறுநாள் மீனோடு சேர்த்து வேறொன்றையும் பொட்டலம் கட்டினாள். "பாஸ்டரே, உங்க ஆணி வாழை நாராம், மூப்பர் சொல்றாரு." மூப்பருக்கு: "உங்க சொவரு கோணலாம். அதான் தகரம் பறந்துச்சுன்னு உபதேசியார் சிரிக்கிறாரு." உபதேசியாருக்கு: "அஸ்திவாரமே ஒரு பக்கம் எறங்கிடுச்சாமே!"

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் மூன்று பாதையில் சுறுசுறுவென்று வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஏணியைச் சுவரில் சாத்தித் தயாராக வைத்திருந்தாள்.

"சொவரு கோணலா? ஏறி வந்து பாரும்யா!"

"ஒம்ம கண்ணு கோணல்!"

"மொதல்ல அந்த ஆணியை இப்படிக் கொடும். தகரத்தைப் பிடியும்... அங்க இல்ல, இங்க!"

சத்தம் மெல்ல மெல்லச் சுத்தியல் சத்தமாயிற்று. வெயில் சாயும் நேரத்தில் மேலே யாரோ ஏதோ சொல்ல, மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கீழே நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, முடிஞ்சிருச்சு!" பாஸ்டர் குரல் கொடுத்தார். "ஏணியைப் பிடிங்க, நான் கெளம்பணும்."

"எனக்கும் நேரமாச்சு" என்றார் மூப்பர்.

கெமிலெம்பே ஏணியைப் பிடித்தாள். சுவரிலிருந்து மெல்ல விலக்கி, வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கப்போட்டுவிட்டு, அடுப்பை ஊத உட்கார்ந்தாள்.