காலருக்கு அடியில் மஞ்சள்

உங்கள் படைப்பு என்று நீங்கள் மேடையில் காட்டிய கோட்டு என் அண்ணி தைத்தது. நீங்கள் பொய் சொன்னீர்கள். நீலத் துணி, அதில் ஆரஞ்சுப் பறவைகள். முதுகுத் தையலில் இரண்டு பாதிப் பறவைகள் சேர்ந்து ஒரே பறவையாகும். நான் காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் டிராக்டர் பழுது பார்ப்பவன், ஃபேஷன் தெரியாது. அந்தப் பறவை சேரும்வரை அண்ணி பிரித்துப் பிரித்துத் தைத்ததை மட்டும் கூடவே இருந்து பார்த்தவன்.

அண்ணி ஆப்பிரிக்காவில், டாக்கார் நகரத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்கு அங்கே பிரெஞ்சுத் தூதரகத்தில் வேலை. கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஆப்பிரிக்க அச்சுத் துணி கொண்டுவந்தார். உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாமல் சாயம் ஏறிய பருத்தி. கோட்டு, பாவாடை, ரவிக்கை எல்லாம் அவரே வரைந்தார், அவரே வெட்டினார். ஜன்னல் திரையைக் கிழித்து மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று தெரு பேசியது. ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த காரைக்கால்மேட்டு மீன்காரம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு ஏலத்துக்குப் போனா மீன விட்டுட்டு என்னையில்ல ஏலங் கேப்பாங்க" என்றார். "நல்ல வெலைக்குப் போவீங்கக்கா, போடுங்க" என்றார் அண்ணி. அந்தம்மா அடுத்த பொங்கலுக்கும் அதே துணிதான் வேண்டும் என்று வந்து நின்றார். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணி கோட்டுக்குக் காலருக்கு அடியில் வைப்பார், வெளியே தெரியக் கூடாது என்று. யாராவது பாராட்டினால் ஒரே பதில்தான்: "துணி டாக்கார்க்காரங்களோடது, வெட்டு என்னோடது."

போன வருஷம் அவர் புற்றுநோயோடு படுத்திருந்தபோது நீங்கள் வந்தீர்கள். கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று அந்தக் கோட்டைக் கேட்டீர்கள். "பேரு போடுங்க, அது போதும்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு "கண்டிப்பாம்மா" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சென்னையில் நீங்கள் நடத்திய ஷோவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் போனில் அண்ணியும் பார்த்தார். நடந்து வந்த பெண் காலரைத் தூக்கிவிட்டபோது மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. நீங்கள் மைக்கில் என்ன சொன்னீர்கள்? தேடித் தேடி நீங்களே கண்டெடுத்த மூலிகைச் சாயமாம். அதுதான் உங்கள் கையெழுத்தாம். சமையலறை மஞ்சள்தூள் அது. அண்ணி தன் பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டாக்கார் பேரக்கூடச் சொல்லல பாத்தியா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மாதமே போய்விட்டார். நான் போன் செய்து கேட்டதற்கு, அண்ணி உங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் என்றீர்கள். நான் கேட்டது கோட்டைப் பற்றி.

அது இன்று உங்கள் கடைக் கண்ணாடிக்குள் தொங்குகிறது, கீழே உங்கள் பெயரோடு. எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். அதே மேடையில் ஏறுங்கள். அதே மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி அந்தக் காலரைத் திருப்பிக் காட்டிச் சொல்லுங்கள்: அந்த மஞ்சளை வைத்த விரல் யாருடையது?