பாட்டிலில் போன தண்ணீர்

கல்பனா என் ஓரகத்தி. சூது வாது தெரியாதவள். கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அவர்கள் நிலத்துக்குப் பக்கத்தில் கம்பெனி வந்த பிறகு அவள் வீட்டு போரில் தண்ணீர் மஞ்சளாக, மருந்து நாற்றத்தோடு வந்தது. குடிக்கக் கேன் வாங்கினார்கள். குளிக்க எங்கே போவது? அவள் புருஷன் சுப்பிரமணிக்குக் கால் முழுக்கப் புண். மகள் அருணாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டிய நேரம் வேறு. பச்சைப் பிள்ளையை இதில் எப்படிக் குளிப்பாட்டுவேன் என்று என்னிடம் வந்து அழுவாள். கலெக்டர் ஆபீசில் மனு மேல் மனு போட்டாள். சோதனையில் தண்ணீர் கெட்டது என்று வந்தால் வேறு இடத்திலிருந்து குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

ஒருநாள் சோதனை ஆபீசர் ஜீப்பில் வந்தார். போனில் பேசிக்கொண்டே பாட்டிலை நீட்டி, பிடித்து வரச் சொன்னார். வீடு தேடி வந்தவருக்கு, மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீரை நாங்கள் கொடுப்பதில்லை. மோட்டாரை ரொம்ப நேரம் ஓடவிட்டால் ஒரு குடம் தெளிவாக வரும், பிறகு பழையபடி மஞ்சள்தான். அந்தத் தெளிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பாட்டிலையும் கழுவி நிரப்பிக் கொடுத்திருக்கிறாள், மகராசி. விஷயம் தெரிந்ததும், புத்தி இருக்கிறதா என்று கத்தினேன்.

"ஆபீசர் கையில நாத்தத் தண்ணிய எப்டிக்கா குடுக்கறது? மிஷினு எல்லாத்தியும் கண்டுபுடிச்சிடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. குழாய் கிடையாது. நடந்ததைச் சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னாள். ஒருதரம் பார்த்தாகிவிட்டதாம். வந்து முகர்ந்தாவது பாருங்கள் என்று கெஞ்சினாள். மூக்கை நம்பி எழுத முடியாது என்று சிரித்தார்கள். புருஷன் காலைக் காட்டினாள், சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். பாவிகள்! போகப்போக ஊர்க்காரர்களே அவளுக்குத்தான் பிரமை என்று பேச ஆரம்பித்தார்கள்.

காக்களூரில் இருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் ரிப்போர்ட் செய்தி போய்விட்டது. பிரசவச் செலவுக்குப் பயந்து தண்ணீரைச் சாக்கு சொல்லி மகளை அழைக்காமல் இருக்கிறாள் என்றார்களாம். அன்று சாயந்திரம் அருணா போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தண்ணி நல்லாக்கீதுன்னு கவர்மென்டே சொல்லிட்ச்சி. என்னிய இட்டுக்கினு போவ உனுக்கு இஷ்டம் இல்ல, அதானே?"

கல்பனா முற்றத்து வாளியில் கிடந்த தண்ணீரையே பார்த்தாள். நாற்றத்தில் எனக்கே குமட்டியது. வரச் சொல்லாதே என்று நான் கையை ஆட்டினேன்.

"இல்ல கண்ணு" என்றாள். "தண்ணி நல்லாத்தான் கீது. நீ வா."