ஈசானி மூலைப் பருத்தி

நன்னிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரான தங்கையன் யாரையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். பஸ் நன்னிலம்தான் போகிறதா என்று கண்டக்டரையும் கேட்பார், டிரைவரையும் கேட்பார். கேலி செய்து பிரயோசனமில்லை. தொண்ணூற்று நாலில் ஹோட்டல் வேலை என்று சொல்லி ஒரு ஏஜெண்ட் அவரை மலேசியாவுக்கு ஏற்றிவிட்டான். போய் இறங்கியது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். பத்து வருஷம் குலை சுமந்து திரும்பியவர் சந்தேகப்படாமல் வேறு யார் படுவது?

அந்தச் சம்பாத்தியத்தில் மூன்று மா வாங்கினார், அதாவது ஓர் ஏக்கர். அவர் வம்சத்தில் சொந்தப் பேரில் பட்டா வாங்கிய முதல் ஆள் அவர்தான். மேற்கே அண்டை வயல் பஞ்சநதத்துடையது. அந்த வீட்டில்தான் தங்கையனின் அப்பா பண்ணையாளாக இருந்தார்.

சம்பா அறுத்த வயலில் மாசியில் பருத்தி ஊன்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். சவரியம்மாள் நடத்திய இயற்கைப் பருத்திக் குழுவில் தங்கையனும் சேர்ந்தார். மூன்று வருஷம் ரசாயனம் படாமல் விளைவித்தால் அவர் பேருக்குச் சான்றிதழ். மூன்றாவது வருஷம் பிறந்ததுமே, சுவரில் தொங்கிய பட்டாவுக்குப் பக்கத்தில் அதை மாட்ட ஆணி அடித்துவிட்டார்.

பஞ்சகவ்யா தெளிக்கக் குழுவுக்கென்று ஒரு ஸ்பிரேயர் உண்டு. சவரியம்மாள் அதை வீட்டிலேயே பூட்டி வைத்திருப்பார். தங்கையனுக்கு அதிலும் சந்தேகம்.

"பத்துக் கை படுற மெஷின். எவன் எதை ஊத்துனானோ!"

மச்சினன் கண்ணுசாமியிடம் இரவல் வாங்கிவந்தார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள் அவன்தான். அப்படியும் மூன்று தடவை கழுவி, மோந்து பார்த்த பிறகுதான் பஞ்சகவ்யாவை ஊற்றினார்.

பத்து நாளில் கொழுந்து இலைகள் விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலை மாதிரி நின்றன. தங்கையன் ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். மேற்கே பார்த்தார். போன வாரம்தான் பஞ்சநதம் தன் கோடை நெல்லுக்கு மருந்தடித்திருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்?

வயலில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு நேரே பஞ்சநதத்தின் வாசலுக்குப் போனார். "எம் பயிரைக் கெடுத்தவன் பொழப்புல மண்ணு விழ!" என்று தெருவே பார்க்கத் தூற்றினார். அந்த ஊரில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. பஞ்சநதத்தின் மனைவி பதறிப்போய் விளக்குமாறோடு ஓடிவந்தார்.

"கூட்டாத," என்றார் பஞ்சநதம். "நான் செய்யல. யாருக்குத் தூத்துன மண்ணோ அவனே வந்து அள்ளட்டும்."

மறுநாள் சவரியம்மாள் வயலைச் சுற்றிவந்தார். மேற்கு வரப்போரம் செடிகள் தெளிவாகத்தான் இருந்தன. வடகிழக்கு மூலையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"எங்கேருந்து தெளிக்க ஆரம்பிச்சீங்கண்ணே?"

"இதென்ன கேள்வி? ஈசானி மூலையிலதான்." எந்த வேலையையும் வடகிழக்கில் தொடங்குவதுதானே முறை.

"எந்த மெஷின்ல?"

தங்கையன் கண்ணுசாமிக்குப் போன் போட்டார். "சம்பாவுல களைக்கொல்லி அடிச்சேன் மாமா. கழுவித்தானே வெச்சிருந்தேன்!" என்றான் அவன்.

"நெல்லை அது ஒண்ணும் செய்யாது," என்றார் சவரியம்மாள். "பருத்திக்குக் குழாய்ல ஒட்டியிருக்கிற சொட்டே போதும். முதல் டேங்குல மொத்தமும் இறங்கியிருக்கு. காத்துல வந்ததுன்னா கெட்ட செடியை மட்டும் தள்ளிடுவாங்க. நாமளே அடிச்சதுன்னா மறுபடியும் முதல் வருஷந்தான். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க, நீங்களே சொல்லிடுங்க."

இவள் ஆழம் பார்க்கிறாளோ என்று அப்போதும் தங்கையனுக்கு ஒரு சந்தேகம். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஊர் முழுக்கப் பஞ்சநதத்தைத்தான் பேசியது. தங்கையன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், சான்றிதழ் கைக்கு வந்துவிடும். பட்டாவையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர், "பக்கத்து வயல் மருந்தா?" என்று கேட்டார்.

தங்கையன் மச்சினனின் ஸ்பிரேயரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "இல்லைங்க. நான்தான் அடிச்சேன்."

சாயங்காலம் பஞ்சநதத்தின் வாசலுக்குப் போனார். மண் அப்படியே கிடந்தது. அதைத் தொடாமல் ஒதுங்கிக் கோலம் போட்டிருந்தார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை விரித்து, மண்ணைக் கூட்டி அள்ளினார்.

பஞ்சநதம் வெளியே வந்தார். "என்ன தங்கையன், ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சுட்டான்ங்க," என்றார் தங்கையன், நிமிராமல். "அள்ளிக்கிட்டுத்தான் இருக்கான்."